பிராக் நகரில் ஒரு மொழியின் வழித்தடம்: மணிக்கூண்டு முதல் கற்பாலம் வரை

ஐரோப்பாவுக்குக் குழுவாகச் சுற்றுலா செல்பவர்களுக்குச் செக் நாட்டின் தலைநகரான பிராக் பெரும்பாலும் ஒரு நாள் ஊர்தான். மணிக்கூண்டின் முன் ஒரு படம், பாலத்தின் மேல் ஒரு படம், பிறகு பேருந்து. அந்த இரண்டுக்கும் இடையில் நேர்வழியை விட்டுச் சற்றுச் சுற்றி நடந்தால், ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டருக்குள் செக் மொழி தாழ்ந்து மீண்டும் எழுந்த கதையைக் கட்டடம் கட்டடமாகப் பார்த்துவிடலாம். நிற்காமல் நடந்தால் முக்கால் மணி நேரம். நின்று பார்த்தால் அரை நாள் தேவை.

பழைய நகரச் சதுக்கம்

நடை தொடங்குமிடம் பழைய நகர மண்டபத்தின் மணிக்கூண்டு. கடிகாரம் செய்பவரான மிக்குலாஷ் என்பவரும் வானியல் பேராசிரியர் யான் ஷிண்டெலும் சேர்ந்து 1410இல் உருவாக்கிய இந்த வானியல் கடிகாரம், சூரியனும் சந்திரனும் இருக்கும் ராசியைக்கூடக் காட்டுகிறது. பகலில் மணிக்கொரு முறை மேலே இரு சன்னல்கள் திறந்து, இயேசுவின் 12 சீடர்களின் உருவங்கள் வலம் வருகின்றன. பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு மணியடிக்கிறது.

எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் அந்த இடத்தில் குனிந்தும் பார்க்க வேண்டும். மண்டபத்தின் அருகே தரைக்கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. 1620 நவம்பரில் நகருக்கு வெளியே வெள்ளை மலைப் போரில் செக் நாட்டுப் பிரபுக்களின் படை ஹாப்ஸ்பர்க் பேரரசரிடம் தோற்றது. மறு ஆண்டு ஜூன் 21ஆம் நாள், கிளர்ச்சியின் தலைவர்கள் 27 பேர் இதே சதுக்கத்தில் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் பல்கலைக்கழகத் தலைவரும் மருத்துவருமான யான் யெசெனியுஸ். அவருடைய நாக்கை அறுத்த பிறகே தலையை வெட்டினார்கள்.

அந்தக் கிளர்ச்சி மொழிக்காக நடந்ததன்று. சமய உரிமையும் ஆட்சி உரிமையுமே காரணம். ஆனால் தோல்வியின் விலையை மொழியும் கொடுத்தது. 1627இல் வந்த புதிய அரசியல் சட்டம் ஜெர்மன் மொழியைச் செக்குக்குச் சமமாக்கியது. நாளடைவில் அரசு அலுவலகம், உயர்கல்வி, மேட்டுக்குடி வீடுகள் எல்லாவற்றிலும் ஜெர்மனே நிலைபெற்றது. செக் மொழி கிராமத்தாரின் பேச்சாகவும் நகரத்து எளிய மக்களின் பேச்சாகவும் சுருங்கியது.

கரோலினும்

சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருப்பது கரோலினும். நான்காம் சார்லஸ் மன்னர் 1348இல் நிறுவிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் இது. தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பழைமையான கல் சன்னல் மாடத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம். பட்டமளிப்பு விழாக்கள் இன்றும் இங்கேதான் நடக்கின்றன. 1784இல் இந்தப் பல்கலைக்கழகத்தில் லத்தீனுக்குப் பதிலாக ஜெர்மன் பாடமொழியானது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1882இல்தான், இது செக், ஜெர்மன் என இரு பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தது.

தமிழர் இங்கே சற்று நேரம் நிற்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927இல் பிராக்கில் பிறந்தவர்; இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து, இங்கேயே தமிழ் கற்பித்தவர். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானபோது, அன்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளாருடன் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மன்றத்தின் முதல் மாநாடுதான் 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. 1968இல் சோவியத் படைகள் பிராக்கில் நுழைந்த பிறகு சுவெலபில் நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் தமிழ் இலக்கியம் பற்றி எழுதிய ‘முருகனின் புன்னகை’ என்ற ஆங்கில நூல் 1973இல் வெளிவந்தது. 2009இல் அவர் மறைந்தார்.

பெத்லகேம் ஆலயம்

கரோலினுமிலிருந்து மேற்கே நடந்தால் ஹவெல் சந்தை வரும். இடைக்காலத்திலிருந்து சந்தை கூடும் தெரு இது. இன்று பழங்களோடு மரப்பொம்மைகளும் நினைவுப் பொருள்களும் விற்கிறார்கள். அதைக் கடந்து குறுகிய சந்துகள் வழியே போனால் பெத்லகேம் சதுக்கம்.

இங்குள்ள ஆலயம் வெளியிலிருந்து பார்க்க ஒரு பெரிய கிடங்கைப் போல இருக்கும். உள்ளேயும் அலங்காரம் குறைவு. 1391இல் இதைக் கட்டியவர்களின் நோக்கம் ஒன்றே: மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே அருளுரை சொல்ல வேண்டும். சுமார் 3,000 பேர் கூடக்கூடிய இந்த மண்டபத்தில் 1402 முதல் 1412 வரை செக் மொழியில் பேசியவர் யான் ஹுஸ். திருச்சபையின் தவறுகளைக் கண்டித்த அவரை 1415 ஜூலை 6ஆம் நாள் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரித்தார்கள். பழைய நகரச் சதுக்கத்தின் நடுவில் நிற்கும் பெரிய சிலை அவருடையதுதான். அவர் இறந்த 500ஆம் ஆண்டான 1915இல் வைக்கப்பட்டது.

செக் எழுத்து முறையைச் சீர்செய்த ஒரு சிறு நூலும் ஹுஸ் எழுதியது என்றே கருதப்படுகிறது. ஓர் ஒலிக்கு இரண்டு மூன்று லத்தீன் எழுத்துகளை அடுக்கி எழுதிய முறையை விட்டு, ஒரே எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் போதும் என்றது அந்த நூல். நம் மெய்யெழுத்துகளின் மேல் நிற்பது போன்ற புள்ளிதான். பின்னாளில் அது சிறு கொக்கியாக மாறியது. பிராக்கின் தெருப்பெயர்ப் பலகைகளில் எழுத்துகளின் தலையில் தெரியும் கொக்கிகளின் வரலாறு இதுவே.

பழைய ஆலயம் 1786இல் இடிக்கப்பட்டது. எஞ்சிய சுவர்ப்பகுதிகளையும் பழைய வரைபடங்களையும் கொண்டு 1950க்கும் 1954க்கும் இடையில் மீண்டும் எழுப்பினார்கள்.

நாரோத்னி தெருவும் தேசிய அரங்கமும்

தெற்கே சில நிமிடங்களில் நாரோத்னி என்னும் பெரிய சாலை வரும். அதன் ஓரத்து வளைவு நடைபாதையின் சுவரில் மேல்நோக்கி நீளும் கைகளைக் கொண்ட ஒரு வெண்கலப் பலகை உண்டு. 1989 நவம்பர் 17ஆம் நாள் ஊர்வலம் வந்த மாணவர்களைக் காவலர்கள் இந்த இடத்தில் அடித்தார்கள். அடுத்த சில வாரங்களில் கம்யூனிச ஆட்சி விழுந்தது. ஆண்டு முடிவதற்குள் நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அதிபரானார்.

சாலையின் முடிவில், வல்தாவா ஆற்றங்கரையில், நிற்கிறது தேசிய அரங்கம். செக் மொழிக்கென ஒரு பெரிய அரங்கம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பணம் திரட்டி, 1868இல் அடிக்கல் நாட்டினார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அடிக்கற்கள் வந்தன. 1881 ஜூனில் திறப்பு. அதே ஆகஸ்டில் தீ விபத்து. கூரையும் மேடையும் எரிந்து போயின. மக்கள் சோர்ந்துவிடவில்லை. 47 நாள்களில் பத்து லட்சம் கில்டர் திரட்டினார்கள். 1883 நவம்பர் 18ஆம் நாள் அரங்கம் மீண்டும் திறக்கப்பட்டது. மேடைக்கு மேலே பொன்னெழுத்தில் இரண்டே சொற்கள் உள்ளன. ‘தேசம் தனக்கே தந்தது’ என்பது பொருள்.

இரண்டு திறப்பு விழாக்களிலும் அரங்கேறியது ஸ்மெத்தனாவின் ‘லிபுஷே’ இசைநாடகம். செக் இசையின் தந்தை எனப்படும் ஸ்மெத்தனாவே ஜெர்மனில் படித்து வளர்ந்தவர். செக்கில் பிழையின்றி எழுத நடுவயதில்தான் முயன்று கற்றார். 1874இலேயே கேட்கும் திறனை இழந்துவிட்டதால், திறப்பு விழாவில் தம் இசையை அவரால் கேட்க முடியவில்லை.

சார்லஸ் பாலம்

அரங்கத்திலிருந்து ஆற்றோரமாக வடக்கே பத்து நிமிடம் நடந்தால் சார்லஸ் பாலம். போகிற வழியில், பாலத்துக்குச் சற்று முன்னால், ஸ்மெத்தனா அருங்காட்சியகமும் அவர் சிலையும் உள்ளன. வெள்ளம் பழைய பாலத்தை அடித்துச் சென்ற பிறகு, நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் இந்தக் கற்பாலத்தைத் தொடங்கினார். நீளம் ஏறத்தாழ 516 மீட்டர், வளைவுகள் 16, இருபுறமும் 30 சிலைகள். எதிர்க்கரையில் மலைமேல் பிராக் கோட்டை தெரியும்.

பாலத்தில் கால் வைக்குமுன் நுழைவுக் கோபுரத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். 1621இல் சதுக்கத்தில் கொல்லப்பட்ட 27 பேரில் 12 பேரின் தலைகளை இந்தக் கோபுரத்தில்தான் கூடைகளில் தொங்கவிட்டார்கள். பத்து ஆண்டுகள் அவை அங்கேயே இருந்தன. இன்று கோபுரத்தின் கீழே நின்றால் வழிகாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் செக் மொழியில் பேசிக்கொண்டு போவதைக் கேட்கலாம்.

செல்வோர் கவனத்துக்கு: வழி முழுவதும் கருங்கல் பாவியது, மழையில் வழுக்கும். தட்டையான, பிடிப்புள்ள காலணி அணிவது நல்லது. மணிக்கூண்டின் முன்னும் பாலத்திலும் கூட்டம் மிகுதி, பணப்பையில் கவனம் வேண்டும். கூட்டமில்லாத பாலத்தைப் பார்க்க விரும்புவோர் விடிந்தவுடன் பாலத்திலிருந்து தொடங்கி, இதே வழியைத் திருப்பி நடக்கலாம்.