சிங்கப்பூரின் சமூகத் தோட்டங்கள்

சிங்கப்பூரின் சமூகத் தோட்டங்கள் என்பவை, அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனைகள் போன்ற இடங்களில் அங்குள்ளவர்களே ஒன்றுகூடிப் பயிரிட்டுப் பராமரிக்கும் தோட்டங்களாகும். இவற்றின் வரலாறு, எண்ணிக்கை பெருகிய வரலாறு மட்டுமன்று; யாரெல்லாம் உள்ளே வர முடிந்தது என்பதன் வரலாறும் ஆகும்.

பின்னணி

கம்பம் எனப்பட்ட பழைய கிராமங்களில் வீட்டைச் சுற்றிக் காய்கறிகளும் பழமரங்களும் இருந்தன. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்ட பின் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்தனர். 1963ஆம் ஆண்டு சூன் 16 அன்று லீ குவான் இயூ ஒரு மரக்கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967இல் சிங்கப்பூரைப் பூந்தோட்ட நகரமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நகரம் பசுமையாயிற்று. ஆனால் அந்தப் பசுமையை நட்டதும் காத்ததும் பெரும்பாலும் அரசே. மாடிவீட்டில் வாழ்ந்தவருக்கு மண்ணில் கைவைக்க இடம் இல்லை.

தொடக்கமும் வளர்ச்சியும்

இக்குறையைப் போக்கும் வகையில் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. வசிப்போர் குழுக்கள் முன்வந்து, நகர மன்றத்தின் இசைவுடன் இடம் பெற்றுத் தோட்டம் அமைத்தன. கறிவேப்பிலை, கத்தரி, வெண்டை, பண்டான், மூலிகைகள் ஆகியவை வளர்ந்தன. பல இனத்தவரும் விளைச்சலையும் சமையல் முறைகளையும் பகிர்ந்துகொண்டனர். இன்று 2,000க்கும் மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. 2030க்குள் இவற்றை 3,000 ஆக்குவது கழகத்தின் இலக்கு.

உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. எனவே பெருந்தொற்று பரவிய 2020இல் வீடுகளுக்குக் காய்கறி விதைகள் வழங்கப்பட்டபோது பெரும் வரவேற்பு இருந்தது.

வேலியும் பூட்டும்

பல தோட்டங்கள் வேலியிட்டுப் பூட்டப்பட்டன. உழைத்து வளர்த்த காய்களைப் பிறர் பறித்துச் செல்வதைத் தடுப்பதே இதன் நோக்கம். பொது இடத்திலுள்ள தோட்டம் சிலருக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது என்ற குறை மறுபக்கம் எழுந்தது. இரண்டிலும் நியாயம் இருந்தது. வேலியில்லாத் தோட்டங்களும், குழுவில் சேராத தனியாருக்கான பாத்திகளும் இதற்கு விடையாக வந்தன. 2016 முதல் பூங்காக்களில் சிறு பாத்திகள் ஆண்டுக் கட்டணத்துக்குக் கொடுக்கப்படுகின்றன. விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் முறையில் ஒதுக்கீடு நடைபெறும்.

அனைவருக்குமான அமைப்பு

பூட்டைத் திறந்தால் மட்டும் எல்லாரும் உள்ளே வந்துவிட முடியாது. குனிய இயலாத முதியவருக்குத் தரைப் பாத்தி பயன்படாது. சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படியும் குறுகிய பாதையும் தடையாகும். 2016 மே மாதம் ஹார்ட்பார்க் பூங்காவில் முதல் சிகிச்சைத் தோட்டம் திறக்கப்பட்டது. முதுமை மறதி நோயுள்ளோரையும் மனத்தில் கொண்டு இது வடிவமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மண்ணைத் தொட உதவும் உயர்த்திய பாத்திகள் இதில் உள்ளன. 2030க்குள் இத்தகைய 30 தோட்டங்களை அமைக்கத் திட்டமிடப்பட்டுள்ளது.