சூரிய எழுத்தும் நிலவெழுத்தும்

சீனம் கற்போர் தொடக்கத்திலேயே எழுதிப் பழகுபவை சூரியனைக் குறிக்கும் ‘ரி’யும் நிலவைக் குறிக்கும் ‘யுவே’யும். இரண்டுக்கும் நான்கு கோடுகள்தாம். நெடுங்கட்டத்தின் நடுவே குறுக்குக் கோடு போட்டால் சூரியன். கட்டத்தின் அடியைத் திறந்துவிட்டு உள்ளே இரு கோடுகள் இழுத்தால் நிலவு.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் காலத்து ஆரூட எலும்புகளில் சூரியன் உள்ளே புள்ளியிட்ட வட்டம், நிலவு வெறும் பிறை. எலும்பில் கத்தியால் வட்டம் கீறுவது எளிதல்ல. சூரியன் அப்போதே கோணலான பெட்டியாகிவிட்டது.

பொருள் விரிந்த வழி ஒன்றே: சூரியன் நாளாயிற்று, நிலவு மாதமாயிற்று. வழக்கில்தான் இரண்டும் பிரிந்தன. இன்றைய மாண்டரின் பேச்சில் சூரியன் ‘தாய்யாங்’, நிலவு ‘யுவேலியாங்’. தேதியை ‘ரி’ என்று எழுதிவிட்டு ‘ஹாவ்’ என்று சொல்கிறார்கள். வடக்கில் ‘ரி’ தனியே நின்றால் கெட்ட வசை. புதிதாகக் கற்பவர் கவனிக்க வேண்டும். நிலவுக்கு இந்த இறக்கம் இல்லை. ஜனவரி ‘யி யுவே’, அதாவது ஒன்றாம் மாதம். எழுத்திலும் பேச்சிலும் அதுவேதான். கான்டனீஸோ சூரியனைக் கைவிடவில்லை: அங்கே இன்று என்பது ‘கம்யாத்’, அந்த ‘யாத்’ இதே எழுத்துதான்.

ஆனால் வடிவத்தில் நம்பக் கூடாதது நிலவுதான். கல்லீரல், இரைப்பை, முகம், கால் ஆகியவற்றின் எழுத்துகளிலெல்லாம் நிலவு தெரியும். அது நிலவே அல்ல. ‘சதை’ என்னும் எழுத்து சுருங்கி நிலவின் உருவத்தை அடைந்துவிட்டது. 1716இல் வெளிவந்த காங்சி அகராதி தன் 214 வேரெழுத்துகளில் நிலவை 74ஆம் இடத்திலும் சதையை 130ஆம் இடத்திலும் பிரித்து வைத்தது. அச்செழுத்துக்கு அந்தக் கவலை இல்லை. சூரியனுக்கும் ஒரு போலி உண்டு: சற்று அகலமான கட்டம், ‘சொன்னார்’ என்று பொருள். வேடிக்கை, அதன் ஒலியும் ‘யுவே’. தொனி மட்டும் வேறு.

இரண்டையும் சேர்த்தால் ‘மிங்’, வெளிச்சம். சூரியனும் நிலவும் கூடினால் ஒளி என்று ஆசிரியர்கள் விளக்குவார்கள். ஷு ஷென் கி.பி. 100இல் முடித்த அகராதியோ சன்னலும் நிலவும் சேர்ந்த வடிவத்தையே முதன்மையாகத் தருகிறது. சூரியன் சேர்ந்தது அதில் பழைய வடிவமாக மட்டும் வருகிறது. சன்னல் வழியே விழும் நிலவொளி எனக்கு இன்னும் பிடிக்கிறது.

690இல் அரியணை ஏறிய பேரரசி வூ ஸெடியான் சூரியனுக்கும் நிலவுக்கும் புது எழுத்துகளைப் புகுத்தினார். தன் பெயருக்கு மட்டும் பழைய ‘மிங்’கை வானத்தின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டார். 705இல் அவர் ஆட்சி போனபின் புதியவை வழக்கொழிந்தன. பெயரெழுத்து அவருக்கென்றே நிற்கிறது.