மலையில் தளரும் கழுத்து

பத்திரிகைச் செய்திகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் தொடர் ஒன்றுண்டு: 'வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் வீதியை விட்டு விலகி...' இறந்தவரின் வயதும் ஊரும் வரும், வைத்தியசாலையின் பெயர் வரும், பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர் என்பதோடு செய்தி முடியும். கட்டுப்பாடு ஏன் இழக்கப்பட்டது என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. வேகம் என்ற ஒரு சொல்லே காரணமாகவும் தீர்ப்பாகவும் அமைந்துவிடுகிறது. அச்சொல்லுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் காரணங்களுள் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டில் இடமும் வலமுமாக வெறிகொண்டு ஆடும் கோளாறு. அதன் வரலாறு ஊவாவின் தோட்டப் பாதைகளையும் தொட்டுச் செல்கிறது.

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டில். ஆனால், புகையிரதம் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்தினுள் ஒரு டிவிசனிலிருந்து மற்றொன்றுக்கும் செல்லத் துரைமாருக்கு முதலில் உதவியது குதிரை. பின்னர் மோட்டார் சைக்கிள் அவ்விடத்தைப் பிடித்தது. காலைப் பிரட்டுக்கு வரும் சின்னத்துரையை, அவரது முகம் தெரியுமுன்னரே வண்டியின் ஓசையால் லயத்து மக்கள் அறிந்துகொண்டனர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. இந்த மாற்றங்களுக்கிடையே மோட்டார் சைக்கிளும் கைமாறியது. ஜப்பானில் தபால் விநியோகத்துக்கு ஓடி முடித்த சிவப்பு நிற ஹொண்டா எம்டி 90களும், பின்னர் வந்த இந்திய வண்டிகளும் கிளாக்கர்மாரையும், ஆசிரியர்களையும், தொழிலாளரின் பிள்ளைகளையும் சுமக்கத் தொடங்கின. துரையின் அதிகாரச் சின்னம் சாதாரண மனிதரின் உழைப்புச் சாதனமாயிற்று. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் துரையின் வண்டிக்குக் கிடைத்த பராமரிப்பு இவ்வண்டிகளுக்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

பழைய பெரிய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் ஹேண்டிலின் நடுவே ஒரு குமிழ் இருக்கும். அதை முறுக்கினால் ஹேண்டில் திரும்புவது சற்றே கடினமாகும், ஆட்டம் அடங்கும். நோய் இன்னதென்று விளங்குமுன்னரே அதற்கான கட்டு வழக்கத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அந்தக் குமிழே சாட்சி.

நோயை விளங்கிக்கொள்ளும் முயற்சி துவிச்சக்கர வண்டியிலிருந்து தொடங்கியது. 1899இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரான்சிஸ் விப்பிள், இரு சில்லுகளில் ஓடும் வண்டி எப்போது நிலைத்து நிற்கும், எப்போது தடுமாறும் என்பதற்குச் சமன்பாடுகளை வகுத்தார். ஆனால் அவரது கணக்கில் சில்லு, வழுக்காமல் உருளும் ஒரு விறைப்பான தட்டு மட்டுமே. றப்பர் டயரோ நெளியக்கூடியது. திரும்பியவுடன் பக்கவாட்டு விசையைத் தருவதில்லை, சற்றுத் தூரம் உருண்ட பின்னரே தருகிறது. அந்தச் சிறு தாமதம் எத்தகையது என்பதை 1971இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபின் ஷார்ப் தமது ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்.

அவர் ஆட்டத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, ஹேண்டிலும் முன்சில்லும் மட்டும் செக்கனுக்கு ஏழெட்டுத் தடவை ஆடும் தலையாட்டம். மற்றது, வண்டி முழுவதும் பாம்பு போல் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவை நெளிவது. முன்னதை அடக்கும் தடை, அதிவேகத்தில் பின்னதைத் தூண்டிவிடக்கூடும் என்பதும் அவர் கணக்கிற் புலப்பட்டது. அக்காலத்துக் குமிழை முறுக்கியோர் ஒரு பிணியைத் தணிக்கையில் மற்றொன்றுக்கு இடம் கொடுத்திருக்கலாம். மறைத்து வைப்பது மருந்தாகாது என்பதே இதன் சாரம்.

இனி ஊவாவுக்கு வருவோம். ஹேண்டில் திரும்பும் கழுத்துக்குள் மேலும் கீழுமாக உருக்குக் குண்டுகள் வரிசையாக உள்ளன. பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஒவ்வொரு குழியும் அக்குண்டுகளின் மேல் விழும் அடியாகும். நாளடைவில் அவை இருக்கும் கிண்ணத்தில் பள்ளம் விழும், கழுத்துத் தளரும். பின்கரியரில் அரிசி மூட்டையோ மரக்கறிப் பெட்டியோ ஏற்றினால் முன்சில்லின் பாரம் குறைந்து ஆட்டம் இலகுவாகும். எனினும் மணிக்கு 25, 30 கிலோமீற்றரில் ஊரும் வண்டியில் இவை எதுவும் தெரிவதில்லை. ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ள எல்லவிலிருந்து, முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், இருநூறு மீற்றருக்கும் கீழேயுள்ள வெல்லவாயவுக்கு இறங்கி, தணமல்வில நோக்கிய சமதரையில் வேகம் 70ஐத் தொடும்போதுதான் மலையில் பிறந்த கோளாறு தலைகாட்டுகிறது. வேகம் அதனை வெளிப்படுத்துகிறதேயன்றி உண்டாக்குவதில்லை.

கண்டறிவதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வண்டியை நடு ஸ்டேண்டில் நிறுத்தி முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்துங்கள். முன்சில்லைத் தாங்கும் இரு கால்களின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக்' என்ற தட்டல் கேட்டால் கழுத்துத் தளர்ந்துள்ளது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்புகையில் நேர்நிலையில் எங்கோ சிக்கி நின்றால் கிண்ணம் பள்ளமாகிவிட்டது. முறுக்குவதால் பயனில்லை, குண்டுகளையும் கிண்ணங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தளர்வு மட்டுமெனில் அளவோடு முறுக்கலாம். மிகையாக முறுக்கினால் மெதுவாகச் செல்லும்போதே வண்டி தள்ளாடும். அடுத்து, முன்டயர் சீரின்றித் தேய்ந்துள்ளதா, காற்று குறைவா, கம்பிகள் தளர்ந்துள்ளனவா, பின்சில்லைத் தாங்கும் கவை பக்கவாட்டில் அசைகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இவற்றுள் ஒன்றோ இரண்டோ சேர்ந்தே ஆட்டத்தை உண்டாக்குகின்றன.

ஓடும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால் முன்பிரேக்கை இறுக்கிப் பிடிக்கலாகாது. உடலைச் சற்று முன்னே சாய்த்து, ஹேண்டிலை விறைக்காமல் உறுதியாகப் பற்றி, வேகத்தை மெல்லக் குறைத்து ஓரம் சேர்வதே தக்கது.

இலங்கையில் 2008ஆம் ஆண்டு முதல் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை நடைமுறையில் உள்ளது. மோட்டார் சைக்கிளின் வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்கும் அச்சான்று வேண்டும். வண்டி வெளியிடும் புகையை அளக்கும் அந்தச் சோதனை, ஓட்டுநரின் உயிரைத் தாங்கும் கழுத்தை அசைத்துப் பார்ப்பதில்லை. விபத்தில் முன்பாகம் நொறுங்கிய பின்னரோ, தளர்வு முன்பே இருந்ததா, மோதலால் வந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று. எஞ்சுவது 'வேகக் கட்டுப்பாட்டை இழந்த' என்னும் தொடர் மட்டுமே. மலையகத்து வீடொன்றில் உழைக்கும் பிள்ளையின் மரணத்துக்கு அத்தொடர் போதுமான விளக்கமாகாது. சமதரைக்கு இறங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தக் கழுத்தை அசைத்துப் பார்ப்போர் பெருகினால், அப்படியொரு செய்தி எழுதப்பட வேண்டிய தேவையே சில வேளை ஏற்படாது போகும்.