வானலைக்கு ஒரு பூட்டு

வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையிலோ, சிறு அலுவலகத்தில் சுவர்ப் பலகையின் மேலோ, இரண்டு மூன்று கொம்புகளை நீட்டிக்கொண்டு, பச்சை விளக்குகள் மினுக்க அமர்ந்திருக்கும் சிறு பெட்டியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ரவுட்டர் என்பது அதன் பெயர். வெளியிலிருந்து கம்பி வழியாகவோ கண்ணாடி இழை வழியாகவோ வரும் இணையத்தை வாங்கி, கைப்பேசி, கணினி முதலிய கருவிகளுக்கு வானலையாகப் பகிர்ந்தளிப்பது அதன் தொழில். அதைப் புதிதாக நிறுவுகிறவரிடம் அது சில கேள்விகளைக் கேட்கும். வலைக்கு என்ன பெயர்? எந்த அலை வரிசை? எவ்வகைச் சங்கேதம்? கடவுச்சொல் யாது? நம்மில் பெரும்பாலோர் இக்கேள்விகளைப் படிப்பதே இல்லை. நிறுவ வந்த இளைஞர் எதையோ அழுத்திவிட்டுச் செல்கிறார். அவர் எழுதிக் கொடுத்ததை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்கிறோம். ஆயினும் அக்கேள்வி ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சரித்திரம் இருக்கிறது. வானலையை எல்லோருக்கும் திறந்துவிட்டவர்கள் அதற்கு நல்ல பூட்டுச் செய்யப் பல ஆண்டுகள் தாமதித்தார்கள் என்பது அச்சரித்திரத்தின் சாரம்.

கணினிகள் கம்பியின்றி ஒன்றோடொன்று பேச வழி கண்ட இடங்களுள் முதன்மையானது ஹவாய்த் தீவுக் கூட்டம். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஓஹாஹு தீவில் இருந்தது. கல்லூரிகளோ பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. தொலைபேசிக் கம்பியை வாடகைக்கு எடுப்பது செலவு மிகுந்ததாகவும் நம்பிக்கை குறைந்ததாகவும் இருந்தது. நார்மன் ஆப்ரம்சன் என்னும் பேராசிரியர் வானலையை நாடினார். கடலலையில் பலகை மீதேறிச் சறுக்கும் விளையாட்டில் கொண்ட மோகமே அவரை ஹவாய்க்கு இழுத்து வந்தது என்பர். 1971ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவருடைய குழு அமைத்த 'அலோஹா' வலை இயங்கத் தொடங்கியது.

அதுவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசையை ஒதுக்கிக் கொடுப்பதே வானலையைப் பங்கிடும் முறை. ஆனால் கணினியில் அமர்ந்திருப்பவர் ஒரு வரியைத் தட்டுகிறார். பின்பு நெடுநேரம் யோசிக்கிறார். அவ்வளவு நேரமும் அவருக்கென ஒதுக்கிய வரிசை வீணே கிடக்கும். ஆகவே ஆப்ரம்சன் எல்லோருக்கும் ஒரே வரிசையைக் கொடுத்துவிட்டார். செய்தி உண்டானவுடன் அனுப்பலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. இரு செய்திகள் மோதிச் சிதைந்தால், 'பெற்றுக்கொண்டேன்' என்னும் மறுமொழி வாராது. மறுமொழி வாராதவர் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புவார். எவ்வளவு பொறுப்பது? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. இருவரும் ஒரே அளவு நேரம் பொறுத்தால் மறுபடியும் மோதுவார்கள். ஆதலால் ஒவ்வொரு கருவியும் திருவுளச்சீட்டுப் போட்டதுபோலத் தற்செயலாக ஒரு கால அளவைத் தேர்ந்துகொள்ளும். ஒரே சமயத்தில் பேசத் தொடங்கிய இருவர், இருவருமே நிறுத்தி, பின் அவர்களுள் ஒருவர் சற்று முந்திக்கொண்டு பேசுவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். கணக்கிட்டுப் பார்த்தால் இம்முறையில் வரிசையின் கொள்ளளவில் நூற்றுக்குச் சுமார் 18 பங்குக்குமேல் பயன்படாது. மீதியெல்லாம் மோதலிலும் மௌனத்திலும் போய்விடும். என்றாலும், அனுமதி கேளாமல் பலர் ஒரே வெளியைப் பகிர்ந்துகொள்ளக் கூடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இக்கருத்தை ராபர்ட் மெட்காஃப் என்பவர் கம்பிக்குக் கொண்டு சென்று, 1973இல் ஈதர்நெட் என்னும் முறைக்கு அடிகோலினார். பேசுமுன் வேறு எவரேனும் பேசுகிறாரா என்று செவிமடுக்க வேண்டும் என்பது அவ்வகை வலைகள் கைக்கொண்ட விதி. பின்னாளில் கம்பியிலா வலை அமைத்தோர் அவ்விதியைக் கம்பியிலிருந்து மீட்டு வானலைக்கே கொண்டுவந்தனர்.

இனி, வானலை யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விக்கு வருவோம். உலகெங்கும் அது அரசின் உடைமையாகவே கருதப்பட்டது. நம் நாட்டில் 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றி வானொலிக் கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. இத்தகைய சொற்பொழிவைக் கேட்க உதவிய ரேடியோப் பெட்டிக்குங்கூட உங்கள் பாட்டனார் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது.

1947இல் அட்லாண்டிக் நகரில் கூடிய சர்வதேச மாநாடு, செய்திக்காக அன்றித் தொழில், விஞ்ஞானம், மருத்துவம் ஆகியவற்றுக்காகச் சில அலைப் பகுதிகளை ஒதுக்கியது. நுண்ணலை அடுப்பு உணவைச் சூடாக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி அவற்றுள் ஒன்று. அடுப்புகளின் இரைச்சல் நிறைந்த அப்பகுதிகளைப் பொறியாளர்கள் குப்பை அலைகள் என்றே இகழ்ந்தார்கள். அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தில் பணியாற்றிய மைக்கேல் மார்க்கஸ் என்னும் பொறியாளர் அக்குப்பையில் ஒரு பொருளைக் கண்டார். செய்தியை அகன்ற அலைப் பரப்பில் மெல்லியதாகப் பரப்பி அனுப்பினால் இரைச்சலுக்கிடையிலும் அதைப் பொறுக்கி எடுக்கலாம். போர்க்களத்தில் பகைவர் அறியாமற் பேசுவதற்கு ராணுவம் போற்றிய முறை இது. 1985 மே மாதம் ஆணையம் இம்முறையைக் கைக்கொள்ளும் கருவிகளுக்கு அப்பகுதிகளைத் திறந்துவிட்டது. ஆற்றல் 1 வாட்டுக்கு மேற்படலாகாது என்னும் வரம்பு மட்டும் வைத்தது. பயன்படுத்துகிறவர் உரிமம் பெற வேண்டுவதில்லை. ஊர்ப் பொதுவில் விட்ட மேய்ச்சல் நிலம்போல வானலையின் ஒரு துண்டு பொதுவாயிற்று. ரவுட்டரின் சரித்திரத்தில் எந்த யந்திரத்தைக் காட்டிலும் இந்த ஆணையே பெரிதென்பது என் கருத்து. நம் நாட்டிலும் 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

பொது நிலத்தில் நெருக்கடி உண்டாவது இயல்பு. அலை வரிசை பற்றிய கேள்வி அதனால் எழுந்ததே. 2.4 பகுதியில் வரிசைகள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணிடப்பட்டுள்ளன; ஒரு ரவுட்டரின் பேச்சோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கிறது. ஆகவே அடுத்தடுத்த எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 1, 6, 11 ஆகிய மூன்றுமே ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்பவை. அடுத்த வீட்டார் 6இல் இருந்தால் நாம் 1க்கோ 11க்கோ போவது நலம். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மாறினால் இன்னும் விசாலம், ஆனால் சுவரைத் துளைத்துச் செல்லும் வலிமை அங்கே குறைவு. பெட்டியைச் சமையலறையில் நுண்ணலை அடுப்பருகே வைக்கலாகாது, வீட்டின் நடுவே சற்று உயரத்தில் வைக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணமும் இங்ஙனம் விளங்கும்.

பணம் வாங்கும் யந்திரங்களைக் கம்பியின்றிக் கடைகளில் வைக்க விரும்பியது என்.சி.ஆர். என்னும் நிறுவனம். அதன் நெதர்லாந்துக் கிளையைச் சேர்ந்த விக் ஹேஸ் என்பவரின் தலைமையில் 1990 முதல் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகத்தின் குழு ஒன்று ஆராய்ந்து, 1997இல் பொது விதிகளை வெளியிட்டது. வீட்டுச் சுவர்களில் அலைகள் எதிரொலித்துக் குழம்பும் இடரைத் தீர்க்கும் முறைக்கு ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சிக் கழகம் 1996இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அதைக்கொண்டு பின்னர் பல நிறுவனங்களிடம் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குமேல் ஈட்டியது. வைஃபையைக் கண்டுபிடித்தது தாங்களே என்று ஆஸ்திரேலியர் சிலர் பெருமை பேசுவதுண்டு. பல கைகள் கட்டிய வீட்டுக்கு ஒருவர் மட்டும் பட்டா கேட்பது போன்றது அது. வைஃபை என்னும் பெயரும் 1999இல் விளம்பரத்துக்கென இடப்பட்டதேயன்றி, எதன் சுருக்கமும் அன்று. அவ்வாண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் கம்பியிலா வசதியுடைய மடிக்கணினியையும், 299 டாலர் விலையில் அதற்கான நிலையப் பெட்டியையும் அறிமுகம் செய்தது. வானலை வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்டது.

வீட்டுக்குள் வந்த பொருளுக்குப் பூட்டு வேண்டுமன்றோ? கம்பியைத் திருட வேண்டுமானால் திருடன் சுவரேறிக் குதிக்க வேண்டும். வானலையோ சன்னல் வழியே தானாகத் தெருவுக்குப் போகிறது. 1997ஆம் ஆண்டின் விதிகளிலேயே 'வெப்' என்றொரு சங்கேத முறை சேர்க்கப்பட்டிருந்தது. கம்பிக்கு நிகரான அந்தரங்கம் என்பது அப்பெயரின் விரிவு. அதன் சாவி 40 பிட் நீளமுடையது. அக்காலத்தில் அமெரிக்க அரசு வலிமையான சங்கேதக் கருவிகளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியிருந்தமையால் சாவி இங்ஙனம் குறுகிற்று. அதைவிடக் கொடிய குறை வேறொன்று உண்டு. ஒவ்வொரு செய்திப் பொட்டலத்துக்கும் சாவியோடு 24 பிட் எண் ஒன்றைச் சேர்த்து, ஒன்றைப்போல் மற்றொன்று இராதபடி செய்வது இம்முறையின் ஏற்பாடு. 24 பிட்டில் அடங்கும் எண்கள் சுமார் 1 கோடியே 67 லட்சம். பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் ஓயாமல் பேசும் வலை சில மணி நேரத்தில் அவ்வளவையும் செலவழித்துவிட்டு, பழைய எண்ணையே மீண்டும் எடுக்கும்.

2001இல் ஃப்ளூரர், மாண்டின், ஷமிர் என்னும் மூன்று அறிஞர்கள் இதனினும் ஆழமான பழுதொன்றைக் காட்டினர். அவ்வெண்களுள் சில, சாவியின் பகுதிகளையே வெளியே கசியவிட்டன. போதிய பொட்டலங்களைச் செவிமடுத்தவன் சாவியைத் தானே செய்துகொள்ளலாம். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் இப்பூட்டைத் திறந்து காட்டினார்கள்.

இது ஏட்டளவில் நின்ற ஆபத்தன்று. டி.ஜே.எக்ஸ். என்னும் அமெரிக்க வணிக நிறுவனம், பழுது வெளியான பிறகும் தன் கடைகள் சிலவற்றில் வெப் பூட்டையே வைத்திருந்தது. திருடர்கள் கடைக்கு வெளியிலிருந்தபடி வானலை வழியே நுழைந்து, நிறுவனத்தின் மையக் கணினிவரை சென்றனர். 2007இல் செய்தி வெளியானபோது, களவு போன கடன் அட்டை எண்கள் குறைந்தது 4 கோடியே 57 லட்சம் என்று நிறுவனம் தெரிவித்தது. புதுப் பூட்டு அப்பொழுது கிடைக்காமல் இல்லை. 2003இல் 'டபிள்யூ.பி.ஏ.' என்னும் இடைக்கால முறையும், 2004இல் அதன் இரண்டாம் வடிவமும், 2018இல் மூன்றாம் வடிவமும் வெளிவந்துள்ளன. ரவுட்டர் எவ்வகைச் சங்கேதம் என்று வினவும்போது இரண்டாவதையோ மூன்றாவதையோ தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனாலேயே. பழைய கருவிகள் சிலவற்றின் பட்டியலில் வெப் இன்றும் காணப்படுகிறது, அதைத் தொடலாகாது. இரண்டாம் வடிவத்திலும் 2017இல் பெல்ஜிய அறிஞர் ஒருவர் ஒரு விரிசலைக் கண்டார். அது கருவிக்குள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பித்து அடைக்கப்பட்டது. புதுப்பிக்காதவருக்கு அவ்விரிசல் அப்படியே இருக்கும்.

மாணவ நண்பர்களே, இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ரவுட்டருக்குக் கடவுச்சொல் ஒன்றன்று, இரண்டு. வலையில் சேர்வதற்கு ஒன்று. பெட்டியின் அமைப்புகளையே மாற்றுவதற்கு மற்றொன்று. முன்னதை விருந்தினருக்கும் சொல்கிறோம். பின்னதை வீட்டுக்காரர் பலர் கண்டதேயில்லை. அது தொழிற்சாலையில் இட்டபடியே கிடக்கும். ஒரே வகைப் பெட்டிகள் லட்சக்கணக்கானவற்றுக்கு 'அட்மின்' என்னும் ஒரே சொல்லே சாவியாயிருந்த காலமும் உண்டு.

இதன் விளைவு 2016இல் தெரிந்தது. மிராய் என்னும் தீநிரல், இத்தகைய தொழிற்சாலைச் சொற்கள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றை மட்டும் கைக்கொண்டு, இணையம் முழுதும் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தது. திறந்த கதவுகள் லட்சக்கணக்கில் இருந்தன. கண்காணிப்புக் காமிராக்களும் வீட்டு ரவுட்டர்களும், உரிமையாளர் அறியாமலேயே ஒரு சேனையாகத் திரண்டன. அக்டோபர் 21ஆம் நாள் அச்சேனை டின் என்னும் நிறுவனத்தைத் தாக்கிற்று. இணையப் பெயர்களுக்கு உரிய முகவரி எண்களைச் சொல்லித் தருவது அந்நிறுவனத்தின் பணி. அது திணறவே, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பல மணி நேரம் பலருக்கு எட்டாமற் போயின. மறு மாதம் மிராயின் மாற்று வடிவமொன்று ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளரின் இணைப்பைக் குலைத்தது. அப்போது அது தேடிய வழி கடவுச்சொல் அன்று. தொலைவிலிருந்து பழுது பார்ப்பதற்கென்று விடப்பட்டிருந்த வாயில்.

அதன் பின்னரே சட்டம் விழித்தது. 2020 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் விற்கும் இணையக் கருவிகள், ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் கடவுச்சொல் கொண்டிருக்க வேண்டும், அன்றேல் முதற் பயனிலேயே புதுச்சொல் இடுமாறு உரிமையாளரை வற்புறுத்த வேண்டும் என்றாயிற்று. 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனும் எல்லாவற்றுக்கும் பொதுவான தொழிற்சாலைச் சொல்லைத் தடை செய்தது. புதிய பெட்டிகளின் அடிப்புறத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சொல்லொன்று ஒட்டியிருப்பதை நீங்கள் காணலாம். ஆனால் இச்சட்டங்களுக்கு முன் விற்ற பெட்டிகளை இவை தீண்டுவதில்லை. பத்தாண்டுக்கு முன் வாங்கிப் பலகைமேல் வைத்த ரவுட்டர், வீட்டுக்காரர் தாமே உள்ளே சென்று மாற்றும்வரையில், பழைய சொல்லோடுதான் பச்சை விளக்குகளை மினுக்கிக்கொண்டிருக்கும்.