பருத்தித்துறையும் இளைப்பாற்றுச் சம்பளமும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும் என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பழமொழி. அரசாங்கம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே மக்கள் நாவிற் கோறணமேந்து ஆயிற்று. அரசாங்க உத்தியோகத்தின்மீது யாழ்ப்பாணத்தார் கொண்ட மோகத்தைப் பழிக்க இப்பழமொழியை எடுத்தாளுவோர் பலர். ஆயின் அந்த மோகத்தினுள்ளே நுட்பமான கணக்கு ஒன்று இருந்தது. மாதச் சம்பளம் கடைக்கணக்கனுக்கும் உண்டு. உழைக்க முடியாத காலத்தில் வரும் இளைப்பாற்றுச் சம்பளமோ அரசாங்க ஊழியனுக்கே உரியதாயிருந்தது. ஊரார் அதனைப் பென்சன் என்றனர். பெண் கொடுப்போர் முதலில் விசாரித்ததும் அதனையே.

வடமராட்சியின் துறைமுகப் பட்டினமாகிய பருத்தித்துறையில் இந்தக் கணக்கிற்குத் தனிக்காரணமும் இருந்தது. நிலம் சிறிது, நீர் கிணற்றுநீர், கடலோ ஆண்டு முழுவதும் ஒரே முகம் காட்டாதது. வள்ளத்திற்கும் வலைக்கும் உரியவன் பங்கு போக எஞ்சியதே கடற்றொழிலாளியின் கூலி. மீன் படாத நாளிற் பங்கும் இல்லை. இத்தகைய ஊரிலே, 1838 ஆம் ஆண்டில் உவெசிலியன் மிசனைச் சார்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தொடக்கிய பள்ளிக்கூடம் பிற்காலத்தில் ஹாட்லிக் கல்லூரி எனப் பெயர்பெற்று, ஆங்கிலமும் கணிதமும் கற்ற இளைஞரை ஆண்டுதோறும் வெளியே அனுப்பியது. அவர்களுட் பலர் எழுதுவினைஞர் சேவைக்குப் போயினர். மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதிக்கும் திறைசேரிக்கும் போய், முதுமையில் மலாயாப் பென்சனோடு ஊர் திரும்பியோரும் உளர். கல்வீடு கட்டியதும், சகோதரிமாருக்குச் சீதனம் கொடுத்ததும் பெரும்பாலும் இவ்வருவாயே.

இத்துணை உறுதியென நம்பப்பட்ட இப்பணம் சட்டத்தில் எத்தன்மையது? இலங்கையின் இளைப்பாற்றுச் சம்பளப் பிரமாணக் குறிப்பின் முதல் விதியே, அரசாங்க ஊழியருக்கு இச்சம்பளத்தில் முழு உரிமை யாதும் இல்லை என்கிறது. பத்தாண்டுச் சேவை வேண்டும், நன்னடத்தை வேண்டும், அதற்குமேலும் அது அரசு மனமுவந்து அளிப்பதே. வாழ்நாள் முழுதையும் பணயம் வைத்த குடும்பங்களில் எத்தனை இவ்விதியை வாசித்திருக்கும்! இறந்த ஊழியனின் மனைவி மக்களுக்கென 1898 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் அமைந்த கைம்பெண்கள் அநாதைகள் நிதி வேறுவகையானது. அதற்கு ஊழியனின் சம்பளத்திலிருந்தே பணம் கழிக்கப்பட்டது. பெண் உத்தியோகத்தர் இறந்தால் அவர்தம் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அத்தகைய உதவி கிடைக்க 1983 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

கோறணமேந்திற்கு வெளியே நின்றோர் நிலை வேறு. தென்னிலங்கை நகரங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய கடைகளுக்கு ஊர்ப் பையன்கள் சென்று, கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கினர். விடுதலை நேரம் முதலாளியின் விருப்பம்; முதுமைக்கு வழி முதலாளியின் தயவு. 1934 இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையில் ஊனமுற்றோருக்கு உதவியது. 1954 இல் வந்த கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை நேரத்தையும் விடுமுறையையும் வரையறுத்தது. முதுமையைப் பற்றிய சட்டம் பின்னரே வந்தது.

1956 ஆம் ஆண்டுத் தேர்தலில் பருத்தித்துறை மக்கள் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த பொ. கந்தையாவைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். அப்பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. இரண்டும் இவ்வூரார் வீட்டுக் கணக்கைத் தொட்டன. ஒன்று, தொழில் அமைச்சர் ரி. பி. இலங்கரத்தினாவின் காலத்தில் நிறைவேறிய 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். தொழிலாளி நூற்றுக்கு 4, முதலாளி நூற்றுக்கு 6 என அன்று விதிக்கப்பட்ட பங்கு பிற்காலத்தில் 8 ஆகவும் 12 ஆகவும் உயர்ந்தது. ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் பணம் கைக்கு வரும். மணம் முடித்து வேலையை விடும் பெண் அதற்கு முன்னரே பெறலாம். பணம் தொழிலாளியின் பெயரிலே நிற்கும். தயவு என்னும் பேச்சிற்கு அங்கு இடமில்லை. தொகை பென்சனைப் போல மாதந்தோறும் வருவதன்று என்பது உண்மை. பங்கைக் கட்டாது விட்ட முதலாளிமாரும் இருந்தனர். எனினும் கடைச் சிப்பந்தி ஒருவன் தன் முதுமைக்கென உரிமையோடு கேட்கத்தக்க பணம் ஒன்று முதன்முறையாக உண்டாயிற்று.

மற்றையது, கந்தையா எதிர்த்துப் பேசியும் 1956 இலேயே நிறைவேறிய அரச கரும மொழிச் சட்டம். முன்னரே சேவையிற் சேர்ந்த தமிழ் ஊழியரும் சிங்களத் தேர்ச்சி பெறவேண்டுமென்றும், பெறாதார்க்குச் சம்பளவேற்றம் நிறுத்தப்படுமென்றும் 1961 இல் திறைசேரிச் சுற்றறிக்கை கூறியது. கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 இல் அவருடைய சம்பளவேற்றம் நின்றது. அவர் சட்டத்துறை நாயகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்திற்காக முடியின்மீது வழக்காட முடியாதென அதனை மாற்றியது. 1969 டிசம்பரில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம், உழைத்த சம்பளத்திற்கு ஊழியன் வழக்காடலாம் எனத் தீர்ப்பளித்தது. மொழிச் சட்டம் செல்லுமோ செல்லாதோ என்பதை அது தீர்க்கவில்லை. மீண்டும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது. 1972 ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு சிங்களத்தை அரச கரும மொழியாக உறுதிசெய்துவிட்டமையால் அவ்வினாவிற்கு விடை வரவேயில்லை. ஆயினும் சம்பளம் முடியரசின் தயவன்று, ஊழியனின் உரிமை என்பது அவ்வழக்கினால் நிலைபெற்றது.

கடற்கரையில் நின்றவனுக்கு முறை கடைசியிலே வந்தது. கமக்காரருக்கு 1987 இலும் மீனவருக்கு 1990 இலும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பங்குக்கு உழைப்பவனுக்கு நூற்றுக்கு 12 கட்டும் முதலாளி இல்லை. தவணைப்பணத்தை அவன் தன் உழைப்பிலிருந்தே செலுத்தவேண்டும். அந்த 1990 ஆம் ஆண்டிலேயே வடக்கிற் போர் மீண்டும் மூண்டது. கடலுக்குப் போவதற்குத் தடைகள் வந்தன. பருத்தித்துறைக் கரையில் வள்ளங்கள் ஏற்றிவைக்கப்பட்டுக் கிடந்தன.