மகாதீபக் கொப்பரையின் மலையேற்றம்

மகாதீபக் கொப்பரை என்பது கார்த்திகை தீபத் திருநாளில் திருவண்ணாமலை மலை உச்சியில் தீபம் ஏற்றப் பயன்படும் பெரிய உலோகக் கலம். இப்போது பயன்பாட்டில் உள்ள கொப்பரை ஏறத்தாழ ஐந்தே முக்கால் அடி உயரம் கொண்டது. திருவிழாவின் ஒன்பதாம் நாள் இது அருணாசலேஸ்வரர் கோயிலிலிருந்து 2,668 அடி உயர மலையின் உச்சிக்குத் தோள்சுமையாகக் கொண்டு செல்லப்படுகிறது. உச்சிக்கு வண்டிப்பாதை இல்லை. கம்பிவட ஊர்தியும் இல்லை. பல மைல் தொலைவுக்குத் தெரியும் அந்தத் தீபம் சில நூறு பேரின் கால்வலிமையையும் மூச்சையும் நம்பியே எரிகிறது. 2024 டிசம்பரில் மலை சரிந்தபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது.

விளக்கீட்டின் பழமை

கார்த்திகை மாதத்து முழுநிலவு நாளில் விளக்கேற்றும் வழக்கம் சங்க இலக்கியத்திலேயே காணப்படுகிறது. அகநானூற்றில் நக்கீரர் பாடிய 141-ஆம் பாடல் இதைக் குறிப்பிடுகிறது. திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்திலும் கார்த்திகை விளக்கீடு இடம்பெறுகிறது. ஆக, இந்த விழா ஒரு தலத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வீட்டு வாசலிலும் கோயிலிலும் ஏற்றப்பட்ட விளக்கு திருவண்ணாமலையில் மலை உச்சிக்குச் சென்றது.

பஞ்சபூதத் தலங்களுள் இது அக்னித் தலம். பிரம்மனும் திருமாலும் அடிமுடி தேடியபோது சிவன் நெருப்புத் தூணாக நின்ற இடம் இதுவே என்பது தலபுராணம். மலையே இலிங்கமாகக் கருதப்படுவதால், உச்சியில் ஏற்றும் தீபம் அந்த நெருப்புத் தூணின் நினைவாகிறது. மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு இலிங்கங்கள் உள்ளன. தீபத்தன்று பல இலட்சம் பேர் இப்பாதையில் நடக்கின்றனர்.

பத்து நாட்கள்

கொடியேற்றத்துக்கு முன்பே காவல் தெய்வங்களுக்கான வழிபாடு தொடங்கிவிடும். துர்க்கையம்மன், பிடாரியம்மன், விநாயகர் ஆகியோருக்கு உற்சவங்கள் நடக்கும். பின்னர் கோயில் கொடிமரத்தில் கொடி ஏறும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையும் இரவும் வாகனங்கள் மாடவீதிகளைச் சுற்றி வரும். ஐந்தாம் நாள் பெரிய ரிஷப வாகனம். ஆறாம் நாள் அறுபத்துமூவர் உலாவும் வெள்ளித் தேரும். ஏழாம் நாள் விநாயகர், முருகன், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் ஆகியோரின் ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அம்மன் தேரின் வடத்தைப் பெண்களே இழுப்பது வழக்கம்.

ஒன்பதாம் நாள் கோயிலில் பூசை செய்யப்பட்டு கொப்பரை மலையேறும். பத்தாம் நாள் அதிகாலையில் கருவறை முன் பரணி தீபம். அன்று மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளியே வந்து காட்சி தருவார். அதே நேரத்தில் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும். கீழே கூடியிருப்பவர்களுக்கு அது ஒரு கணம். மேலே இருப்பவர்களுக்கு அது இரண்டு நாள் உழைப்பின் முடிவு.

சுமப்பவர்கள்

கொப்பரையைச் சுமப்பதும் தீபம் ஏற்றுவதும் பர்வதராஜகுலத்தினரின் மரபுரிமை. மீன்பிடித் தொழிலோடு தொடர்புடைய இச்சமூகத்தினர் தங்களைப் பார்வதியின் பிறந்த வீட்டார் வழியினராகக் கருதுகின்றனர். இவர்கள் விரதம் இருந்தே மலையேறுகின்றனர்.

நெடுந்தூர ஓட்டம், நீச்சலும் மிதிவண்டியும் ஓட்டமும் சேர்ந்த டிரையத்லான் போன்ற போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் கடைசி நாட்களில் பயிற்சியைக் குறைத்து, நன்றாக உண்டு, உடலைச் சேமித்து வைப்பார்கள். இங்கே அதற்கு நேர்மாறு. உணவில் கட்டுப்பாடு, உறக்கம் குறைந்த விழா இரவுகள், அதன்பின் செங்குத்தான பாறைவழியில் பாரம். சுமப்பவர்கள் தொழில்முறை மலையேறிகளும் அல்லர். ஆண்டு முழுவதும் வேறு வேலைகளைப் பார்ப்பவர்கள்.

பாரம் கொப்பரையோடு முடிவதில்லை. தீபம் பதினோரு நாட்கள் எரிய வேண்டும். அதற்கு 3,500 கிலோவுக்குக் குறையாத நெய்யும், திரிக்காக ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணியும் தேவைப்படுகின்றன. 15 கிலோ டின்களாகக் கணக்கிட்டால் நெய் மட்டுமே 230 டின்களைத் தாண்டும். அத்தனையும் தலைச்சுமையாகவும் தோள்சுமையாகவுமே மேலே போகிறது.

2024: சரிந்த மலை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்த பெருமழையில் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறைகளும் சரிந்து, அடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் வீடு ஒன்றை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். மலையின் வேறு இடங்களிலும் சரிவுகள் ஏற்பட்டிருந்தன.

டிசம்பர் 4 அன்று கொடியேற்றம். மகாதீபம் டிசம்பர் 13. இடைப்பட்ட நாட்களில் ஊரெங்கும் எழுந்த கேள்வி, இந்த ஆண்டு மலையேற முடியுமா என்பதே. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தீபத்தன்று 2,500 பக்தர்கள் வரை அனுமதிச் சீட்டுடன் மேலே செல்ல விடப்பட்டனர். மழையில் ஊறித் தளர்ந்த மண்ணின் மேல் அத்தனை பேர் ஏறுவது மேலே செல்பவர்களுக்கும், அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கும் ஆபத்து. நிலவியல் வல்லுநர்களின் குழு ஒன்று மலையேறி ஆய்வு செய்தது. அதன் பின்னர் பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்றும், கொப்பரை, நெய், திரி ஆகியவற்றைக் கொண்டு செல்லத் தேவையானவர்கள் மட்டும் ஏறலாம் என்றும் அரசு அறிவித்தது.

டிசம்பர் 10 அன்று தேரோட்டம் நடந்தது. 12 அன்று கொப்பரை மலையேறியது. மறுநாள் மாலை ஆறு மணிக்குத் தீபம் எரிந்தது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், 2020-லும் 2021-லும், கூட்டம் தவிர்க்கப்பட்டபோதும் தீபம் நிற்கவில்லை. ஆனால் அப்போது ஆபத்து கூட்டத்தில் இருந்தது. 2024-ல் ஆபத்து வழியிலேயே இருந்தது. அந்த வழியில் ஏறும் பொறுப்பை வேறு எவரிடமும் ஒப்படைக்க முடியவில்லை.

தீபத்துக்குப் பின்

பதினோரு நாட்கள் கழிந்ததும் கொப்பரை கீழே இறக்கப்படுகிறது. அதில் படிந்த மை ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்தப்பட்டு, பின்னர் பக்தர்களுக்குப் பிரசாதமாக வழங்கப்படுகிறது. நெற்றியில் இடும் அந்தச் சிறு பொட்டு மலையேறிச் சென்று திரும்பிய நெய்யின் மிச்சம்.