போகிக்கு முன்னாடி ஏன் வெள்ளையடிச்சாங்க?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட விஷயம்.

போன வருஷம் கார்த்திகையில ஒரு ராத்திரி பொண்ணுக்கு இழுப்பு. நெபுலைசர் வச்சு அடங்கினதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுச் சுவர்ல ஓதம் இருக்கா?"

இருந்துச்சு. மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈசிஆர் ஓரமா, கடல் சத்தம் கேக்கற வீடு. கடல்காத்துன்னு பெருமை வேற அடிச்சுக்கிட்டிருந்தோம் :-) அவ கட்டிலுக்குப் பக்கத்துல இருந்த பீரோவை நகர்த்தினா, பின்னாடி சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம்.

அப்பத்தான் செங்கல்பட்டுல பாட்டி வீடு ஞாபகம் வந்துச்சு. அதுவும் மழையில நனைஞ்ச வீடுதான். அங்க ஏன் இந்த வாடை இல்லை? அதைத் தேடினதுதான் இந்தப் பதிவு.

முதல்ல உப்பு. கடல்காத்து உப்போடதான் வருது. காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா, உப்பு தானாவே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடற்கரைக் கோயிலே இதுக்குத் தப்பலை. தொல்லியல் துறை காகிதக் கூழைக் கல் மேல அப்பி உப்பை உறிஞ்சி எடுத்திருக்கு. உப்புக்காத்தைத் தடுக்க சவுக்கு மரமும் நட்டாங்க. 1,300 வருஷக் கல்லுக்கே இந்தக் கதின்னா, நம்ம சுவர் எம்மாத்திரம்?

இதுக்கு மருந்தும் கடல்லேருந்தே வந்தது: கிளிஞ்சல். அதைக் காளவாயில சுட்டுத் தண்ணி விட்டு நீத்தினா சுண்ணாம்பு. கம்பெனி காலத்துல மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஊரெல்லாம் பேரு. முட்டை வெள்ளைக்கரு, தயிர், வெல்லம்னு என்னென்னவோ சேர்த்து, பளிங்கு மாதிரி மெருகேத்துவாங்க. அது பெரிய மனுஷங்க வீட்டுக்கு. நம்ம பாட்டி வீட்டுக்கு வெறும் வெள்ளையடிப்புதான்.

அந்த வெள்ளையடிப்பு ரெண்டு வேலை செஞ்சிருக்கு. புதுச் சுண்ணாம்பு கடும் காரம், பி.எச். 12 கிட்ட, அதுல பூசணம் முளைக்காது. அதோட, அது ஈரத்தைச் சுவருக்குள்ள பூட்டி வைக்காது. ஆவியா வெளியே விட்டுடும். எங்க வீட்டுல அடிச்சிருந்த பிளாஸ்டிக் எமல்ஷன் இதுக்கு நேர்மாறு. ஆனா சுண்ணாம்பு, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கிட்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாயிடும், காரம் போயிடும். அதனால வருஷா வருஷம் அடிக்கணும்.

எப்ப அடிச்சாங்க? வடகிழக்குப் பருவமழை அக்டோபர்லேருந்து டிசம்பர் வரை. மழை ஓய்ஞ்சு சுவர் காயற நேரத்துல போகி வருது. பழைய பாயைத் தூக்கிப் போட்டு, சாமானெல்லாம் முத்தத்துக்கு நகர்த்தி, வெள்ளையடிச்சு... பண்டிகைன்னு மட்டும் நினைச்சிருந்தேன். இப்பப் பார்த்தா, நனைஞ்ச வீட்டுக்கு வருஷாந்திர சர்வீஸ் மாதிரி இருக்கு!

முத்தத்தோட வேலையைப் பார்க்கணும்னா முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்குப் போங்க. 1996ல திறந்தது. பல ஊர்லேருந்து பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்காங்க. செட்டிநாட்டு வீட்டு முத்தத்து ஓரமா கொஞ்ச நேரம் நில்லுங்க. சூடான காத்து மேல போக, வாசல் வழியா புதுக் காத்து உள்ள வரும்.

"அந்தக் காலம் பொற்காலம்"னு இதோட முடிச்சுடலாம்னு இருந்தேன். அம்மா விடலை. "உங்க பாட்டி அடுப்பங்கரையில இருமினது உனக்கு ஞாபகம் இருக்காடா?"

சுருக்னு இருந்துச்சு. திண்ணையிலயும் கூடத்துலயும் காத்து. அடுப்படியில இருட்டும் விறகுப் புகையும். இந்தப் புகையை நம்ம நாட்டுல அளந்து பார்க்கவே ரொம்ப காலம் ஆச்சு. குஜராத் கிராமங்கள்ல கிர்க் ஸ்மித் குழு அளந்ததை வெளியிட்டது 1983ல. தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்படிகளைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் அளந்து எழுதினது 2000த்துக்குப் பிறகு. பாட்டி அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க. பழைய வீடு மூச்சு விட்டது நிஜம்; உள்ள இருந்த எல்லாருக்கும் அது கிடைக்கலை.

அதனால நல்லதை மட்டும் எடுத்துக்கிட்டோம். முதல்ல பாத்ரூம் குழாய்க் கசிவை அடைச்சோம். உலக சுகாதார நிறுவனத்தோட 2009 வழிகாட்டியும் முதல்ல ஈரத்தை நிறுத்தணும்னுதான் சொல்லுது. ஏசிக்காக அட்டை வச்சு மூடியிருந்த வென்டிலேட்டரைத் திறந்தோம். பீரோவைச் சுவத்துலேருந்து அரை அடி தள்ளி வச்சோம். எமல்ஷனைச் சுரண்டிட்டு, போகிக்கு முதல் வாரம் சுண்ணாம்பு அடிச்சோம். (கண்ணுல தெறிச்சா ஆபத்து, பசங்களைப் பக்கத்துல விடாதீங்க.)

இந்தக் கார்த்திகையில அவளுக்குச் சளி பிடிச்சது. ராத்திரி ஓட்டம் இல்லை. சுண்ணாம்புதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். இன்ஹேலர் இன்னும் தலைமாட்டுலதான் இருக்கு.

உங்க வீட்டுல கடைசியா எப்ப வெள்ளையடிச்சாங்க? பாட்டிங்க இருந்தா, அடுப்படி எப்படி இருந்துச்சுன்னும் கேட்டு எழுதுங்க.